டெய்லருக்குத் தளபதி உடம்பு

"இவருக்கு நெஞ்சு போதாதே" என்று விழாக் குழுவின் தலைவர் சொன்னபோது என் வாயில் எச்சில் ஊறியது. துப்ப இடமில்லாமல் விழுங்கிக்கொண்டேன்.

பட்டறையின் நடுமேசையில், பத்து நாளாக உட்கார்ந்து நான் களிமண்ணில் செய்த மாதிரிச் சிலை இருந்தது. ஒரு முழ உயரம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன மனிதர்; மிஷினில் குனிந்து குனிந்தே வளைந்துபோன தோள், கழுத்தில் தொங்கும் அளவு டேப்பு, மடியில் இரண்டு கை. குழுத்தலைவர் அந்தச் சின்ன நெஞ்சைச் சுண்டுவிரலால் அமுக்கிப் பார்த்தார், காய் வாங்க வந்தவர் முற்றலா என்று பார்ப்பதுபோல. விரலில் மண் ஒட்டிக்கொண்டது. அதை என் மேசைத் துணியில் துடைத்தார். என் துணியில் துடைத்த விரலைத் தன் கைக்குட்டையில் இன்னொரு தரம் துடைத்தார். அந்தக் கைக்குட்டையிலிருந்து கிளம்பிய வாசனை எங்கள் ரெசின் பசை நாற்றத்தையே அமுக்கிவிட்டது. அன்றைக்கே பட்டறையில் அவருக்கு 'சென்ட்டு' என்று பெயர் விழுந்தது.

"உட்கார்ந்த சிலைக்குக் கம்பீரம் வராதும்மா," என்றார். "நாலு ரோடு சேர்ற இடம். பாக்கறவனுக்கு ஒரு இது வரணும். இவரு என்னடான்னா பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்காரு."

"அவர் உட்கார்ந்துதானே சார் ஜெயிச்சாரு."

"அது அப்போ. இப்போ அவர் தலைவர். நிக்கட்டும்."

டெய்லர் யார் என்று இப்போது ஊரில் எல்லாருக்கும் தெரியும்; பள்ளிப் புத்தகத்தில் ஒரு பாடமே இருக்கிறது. எனக்கு அதற்கு முன்னாலேயே தெரியும். எங்கள் தெருப் பிள்ளைகளின் சீருடைக்கெல்லாம் ஓரம் அடித்தவர் அவர்தான். அந்தக் காலத்தில் ரயில் நிலையத்துக் காத்திருப்புக் கூடத்தில் எட்டு பெஞ்சு இருந்தது. கீழ்த்தெருக்காரர்களான நாங்கள் டிக்கெட் வாங்கலாம், ரயில் ஏறலாம், அடுத்தவர் பெட்டியைத் தூக்கலாம், அந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கலாம். பெஞ்சில் உட்காரக் கூடாது. நிறைமாதக்காரிகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். டெய்லர் ஒரு திங்கட்கிழமை காலை கடையைப் பூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அடித்துத் தூக்கி வெளியே போட்டார்கள். செவ்வாய்க்கிழமை மறுபடி போய் உட்கார்ந்தார். அடுத்த வாரம் அவரோடு பத்துப் பேர் போனார்கள். ஐம்பத்தாறு நாள் அடி. ஒருவரும் திருப்பி அடிக்கவில்லை, ஒருவரும் ஓடவில்லை. ஐம்பத்தேழாவது நாள் அரசாங்கம் உத்தரவு போட்டது. அவ்வளவுதான் நடந்தது, பாடப்புத்தகத்தில் நாலு பக்கத்துக்கு இழுத்திருக்கிறார்கள்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் என் அண்ணன். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது.

எங்கள் பட்டறையின் பின்பக்கம் ஆறு உடம்புகள் இருக்கின்றன. புத்தகம் பிடித்திருப்பவர், கையசைப்பவர், கோட்டுப் பைக்குள் கை விட்டிருப்பவர், குழந்தையைத் தூக்கியிருப்பவர், பந்து வைத்திருப்பவர், தளபதி. ஒவ்வொன்றுக்கும் அச்சு இருக்கிறது. ஃபைபர் சிலை வேலையில் உள்ளவர்களுக்கெல்லாம் தெரிந்த, வெளியில் யாரும் வாய்திறக்காத விஷயம் இது: தலையை மட்டும்தான் ஆளுக்கு ஆள் புதிதாகச் செய்வோம். உடம்பு அச்சிலிருந்து வந்துவிடும். அச்சுக்குள் மெழுகு தடவி, கண்ணாடி நாரை விரித்து, மேலே ரெசினைப் பூசி, காய்ந்ததும் பிரித்தெடுத்தால் கழுத்துவரை ஓர் ஆள் தயார். தலையைப் பொருத்தி, மூட்டை மறைத்து, வெண்கல நிறம் அடித்து அனுப்பிவிடுவோம். கையசைப்பவர் உடம்பில் இதுவரை ஒரு மேயரும் ஒரு பாடகரும் பள்ளிக்கூடம் கட்டிய இரண்டு பணக்காரர்களும் நின்றிருக்கிறார்கள். யாரும் குறை சொன்னதில்லை. ஜனங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

சென்ட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த ஆறு பேரையும் சுற்றிவந்தார். தளபதிக்கு முன்னால் நின்றார்.

"இது! நெஞ்சுன்னா இது நெஞ்சு!"

"சார், அது குதிரைப்படைத் தளபதி. இடுப்புல வாளு வர்ற உடம்பு."

"மெடலு, பட்டையெல்லாம் சுரண்டி எடுத்துடுங்க. யாரும்மா கண்டுபிடிக்கப் போறா?"

முதலாளியைப் பார்த்தேன். அவன் என்னைவிட இருபது வயது சின்னவன். அவன் அப்பா காலத்திலிருந்து நான் இங்கே இருக்கிறேன். சென்ட்டு கார் ஏறும்வரை சிரித்துக்கொண்டே நின்றவன், கார் திரும்பியதும் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. மூணு வாரத்துல புதுசா உட்கார்ந்த உடம்புக்கு அச்சு எடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. இது நல்லா வந்தா இன்னும் ஆறு ஊருக்கு இதே சிலை நமக்குத்தான்னு சொல்லியிருக்காரு. இங்க ஒம்பது பேர் வேலை பார்க்கிறோம்."

"அதுக்காக அடி வாங்கின மனுஷனைக் கொண்டுபோய் அடிச்சவன் உடம்புல ஒட்டறதா தம்பி?"

"தலை அவரோடதுதானே அக்கா."

மூன்று வாரம் அந்த உடம்பைச் சுரண்டினேன். நெஞ்சில் ஒன்பது பதக்கம். ஒவ்வொன்றாக அரத்தால் ராவ ராவ ஃபைபர் தூசி கழுத்து மடிப்பிலும் முழங்கைக் குழியிலும் போய் உட்கார்ந்துகொண்டது. எத்தனை தடவை குளித்தாலும் அரிப்பு நிற்காது. தோளில் இருந்த பதவிப் பட்டைகளை அறுத்தேன். முழங்கால்வரை ஏறியிருந்த பூட்ஸைப் பட்டி பூசிக் கால்சட்டையாக்கினேன். என்ன செய்தாலும் அந்த உடம்பின் திமிர் போகவில்லை. ஒரு கால் முன்னால், இடுப்பு ஒரு பக்கம், வயிறு உள்ளே. யாரையோ மிதிக்கப் போகிற நிற்பு. அதன் மேல் டெய்லரின் சின்னத் தலையைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தபோது எனக்குக் குமட்டியது. வெறும் வார்த்தைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பின்பக்கம் போய் ஓங்கரித்துவிட்டு வந்தேன்.

கழுத்துதான் பெரிய சிக்கல். டெய்லருக்குக் கோழிக் கழுத்து; தளபதிக்கு அடிமரம். மூட்டு அசிங்கமாகத் தெரிந்தது. அளவு டேப்பைச் சுற்றிவிட்டால் மறைந்துவிடும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கழுத்தில் எப்போதும் கிடந்ததுதானே. முதலாளிக்கும் பிடித்திருந்தது. சென்ட்டுவுக்குப் போன் போட்டுக் கேட்டான். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்தது:

"டேப்பா? எதுக்கு? தைச்சுக்கிட்டிருந்ததையெல்லாம் ஏன் இப்ப ஞாபகப்படுத்தணும்? ஒரு மப்ளர் போட்டுடுங்க."

டெய்லர் வாழ்நாளில் மப்ளர் போட்டதில்லை. போட்டுவிட்டோம்.

அண்ணன் வீடு பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். வேலை முடிந்து போகும்போது எட்டிப் பார்ப்பேன். அவருடைய தாடை இடது பக்கம் ஒழுங்காகக் கூடவில்லை. பத்தொன்பதாவது நாள் வாங்கிய அடி. ரொட்டியை சூப்பில் ஊறவைத்து வலது பக்கமாகவே மெல்லுவார். ஓரத்தில் வழிவதைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே பேசுவார். அன்றைக்கு நான் மப்ளர் கதையைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்து ரொட்டி புரையேறிவிட்டது.

"சிரிக்கிறியா?" என்றேன்.

"அவங்க சிலை, அவங்க வெச்சுக்கட்டும். விடு பாப்பா." எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது, இன்னும் பாப்பாதான்.

அழைப்பிதழை எடுத்துக் காட்டினேன். பட்டறைக்கு இரண்டு அனுப்பியிருந்தார்கள். 'தலைவருடன் அமர்ந்த போராளிகள்' என்று போட்டு முப்பத்து நாலு பெயர். முதல் பெயர் சென்ட்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அப்போது அவருக்கு நாலு வயது. அண்ணன் பெயர் எங்கேயும் இல்லை.

"அந்த பெஞ்சுல பதினோரு பேருக்கே இடம் பத்தல," என்றார் அண்ணன். "ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுக்கிட்டு உட்கார்ந்தோம். இவ்வளவு பேர் எங்க உட்கார்ந்தாங்க?"

"உனக்கு ரோஷமே வராதா அண்ணா?"

"வரும். அப்போ தினமும் வந்துச்சு."

"வந்து?"

"என்ன வந்து? உட்கார்ந்திருந்தோம்." அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "போன வருஷம் அந்த பெஞ்சைப் பார்க்கப் போனேன், தெரியுமா? மியூசியத்துல வெச்சிருக்காங்க. சுத்திக் கயிறு கட்டியிருக்கு. கிட்டப் போனேன், வாட்ச்மேன் ஓடி வந்துட்டான். 'சார் சார், உட்காரக் கூடாது'ங்கறான்."

அதற்கும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் டெய்லர் கடைதான் கண்ணில் நின்றது.

அந்தக் கடையில்தான் அவர்கள் அடி வாங்கிப் பழகினார்கள். மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு நீள பெஞ்சைப் போட்டு, பதினோரு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். மற்றவர்கள் திட்ட வேண்டும், மயிரைப் பிடித்து இழுக்க வேண்டும், முகத்தில் தண்ணீரை ஊற்ற வேண்டும், 'எந்திரி, எந்திரி' என்று கத்த வேண்டும். கையை மடியிலிருந்து எடுத்தவர் அன்றைக்கு ரயில் நிலையம் போக முடியாது. திட்டுகிற பக்கத்தில் ஆள் குறைந்தது. பெரியவர்களுக்குத் தங்கள் சொந்தக்காரர்களை அடிக்கக் கை வரவில்லை. நான் முன்னால் வந்தேன். எனக்குக் கை வந்தது. டெய்லர் மாமாவின் மூக்கில் துப்பினேன், அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அண்ணன் தலைமயிரைப் பிடித்து ஆட்டினேன். வீட்டில் அவர் எனக்கு வைத்த குட்டுக்கெல்லாம் சேர்த்து, கடையில் துணி அளக்கும் மரக்கோலை எடுத்து அவர் தோளில் ஒன்று போட்டேன். அது விளையாட்டு அடி இல்லை. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கையை மடியிலேயே வைத்திருந்தார். இன்னொன்று போட்டேன், அவர் எழவில்லை என்ற கோபத்தில். டெய்லர் மாமா எழுந்து வந்து என் கையிலிருந்து கோலை வாங்கினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேசையில் கிடந்த துணியை இழுத்து, அதே கோலால் அளக்க ஆரம்பித்துவிட்டார். "இன்னைக்குப் போதும், எல்லாரும் வீட்டுக்குப் போங்க," என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு மறந்திருக்கும்.

சிலையில் கடைசியாக மிச்சமிருந்தது வலது கை. தளபதியின் வலது கை இடுப்புக்கு முன்னால் முட்டியாக மடங்கியிருக்கும். முட்டிக்குள் மேலிருந்து கீழாக இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. வாளைத் தனியாக வார்த்து அதில் செருகுவோம். வாள் இல்லாத ஆளென்றால் ஓட்டையைப் பட்டியால் அடைத்து, தேய்த்து, நிறம் அடித்துவிட வேண்டும். அரை மணி நேர வேலை.

"அக்கா, ஓட்டையை அடைச்சுட்டீங்களா?" என்று முதலாளி வாசலிலிருந்து கேட்டான்.

"அடைச்சாச்சு," என்றேன்.

அடைக்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன். அப்படியே வண்டியில் ஏறட்டும் என்று விட்டேன். திறப்பு விழாவுக்கு ஊரே வரும். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அண்ணாந்து பார்த்து, 'இந்தக் கையில என்னடா இருந்துச்சு? இது யாரோட உடம்பு?' என்று கேட்பார், சென்ட்டு முழிப்பார் என்று நினைத்தேன். மூன்று வாரமாக நான் விழுங்கிய எச்சிலை அந்த ஓட்டை வழியாகத் துப்பியதாக எனக்கு ஒரு திருப்தி.

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. நாலு ரோடு சேரும் இடத்தில் பீடத்தின் மேல் நீலத் துணி மூடிய உருவம். பக்கத்தில் மலர்வளையம் வைப்பதற்காகக் கைப்பிடி வைத்த படிக்கட்டு ஏணி, சக்கரத்தோடு. ஒலிபெருக்கி, பேண்டு வாத்தியம், மடக்கு நாற்காலிகள். முன் மூன்று வரிசை விருந்தினர்களுக்கு. அண்ணனைக் கூட்டிக்கொண்டு நான் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தேன். எங்காவது நிறம் உரிந்திருந்தால் தொட்டுவிடுவதற்காக என் வேலைப் பையும் மடியில் இருந்தது: பட்டி, தகடு, வெண்கலப் பெயின்ட்.

சென்ட்டு நாற்பது நிமிடம் பேசினார். தலைவர் மடியில்தான் வளர்ந்தேன் என்றார். தலைவர் இறந்த அன்று ஊரே கண்ணீரில் மிதந்தது என்றார். டெய்லரின் சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் முப்பது பேர். நான் எண்ணிப் பார்த்தேன், ஏனென்றால் தேநீர் கொடுத்தது நான்தான். அண்ணன் தாடையை ஒற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றை இழுத்தார்கள், துணி விழுந்தது, எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் ஜனங்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண், "என்ன ஒரு கம்பீரம்!" என்றாள்.

"இது யாரு?" என்று அண்ணன் மட்டும் என் காதில் கேட்டார்.

அப்போதுதான் சென்ட்டு ஒலிபெருக்கியில், குழுவின் சார்பில் தலைவருக்கு ஒரு சிறப்புக் காணிக்கை என்றார். வெல்வெட் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே கறுப்பு மரத்தில் ஒரு கோல். தலைமாட்டில் வெள்ளிக் குமிழ், நுனியில் வெள்ளிப் பூண், நீளம் இடுப்புவரை. சென்ட்டு ஏணியில் ஏறினார். முட்டியின் ஓட்டைக்குள் கோலைச் செருகினார். உள்ளே போய் நின்றது, அந்த ஓட்டை அதற்காகவே இருந்ததுபோல.

"சிற்பி அம்மா ஏற்கனவே இடம் விட்டு வெச்சிருக்காங்க!" என்று மேலே நின்றபடியே ஒலிபெருக்கியில் சொன்னார். "இதுதான் கலைஞர் மனசு! அந்த அம்மாவுக்கு ஒரு கைதட்டல் கொடுங்க!"

கைதட்டினார்கள். எனக்காகக் கைதட்டினார்கள். முதலாளி திரும்பி என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான். இரண்டு மூன்று போன்கள் என் பக்கம் திரும்பின. நான் நிமிர்ந்து பார்த்தேன். ஐம்பத்தாறு நாள் தடியடி வாங்கிய மனிதர், கையில் தடியோடு, நெஞ்சை நிமிர்த்தி, கீழே உட்கார்ந்திருக்கும் எங்களை மிரட்டிக்கொண்டு நின்றார். ஆறு ஊரில் இதே மாதிரி நிற்கப்போகிறார். அதற்கு இடம் விட்டவள் நான். வாயெல்லாம் கசந்தது.

அண்ணனைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வாயோரம் வழிந்ததை ஒற்றக்கூட மறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் கையில எதுக்கு பாப்பா அது?" என்றார்.

கோல் ஓட்டைக்குப் பொருந்தியதே தவிர, சற்று மெலிசு. காற்றில் ஆடி, 'டக் டக்'கென்று முட்டியில் இடித்தது. சென்ட்டு கீழே இறங்கி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"வாங்கம்மா, ஒரு நிமிஷம் ஏறி, ஆடாம ஒட்டி விட்டுடுங்க. மந்திரி மலர்வளையம் வைக்க வர்றதுக்குள்ள."

பையை எடுத்துக்கொண்டு போனேன். அதுவரைக்கும் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. படியில் ஏறினேன். பேண்டு வாசிக்கத் தொடங்கியது. மேலே போனதும் முகம் நேருக்கு நேர் வந்தது. அது என் வேலை, அது டெய்லர் மாமாதான். அதற்குக் கீழே எல்லாமே வேறொருவன். பையிலிருந்து பட்டியை எடுக்கவில்லை. வெள்ளிக் குமிழைப் பிடித்து மேலே இழுத்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

"என்னம்மா பண்றீங்க?" சென்ட்டு ஏணிக்கடியில் வந்து நின்றார்.

"இது அவருக்கு வேண்டாம் சார்."

"எறங்குங்க முதல்ல. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். இதால அடி வாங்கினவர் சார் அவர்."

அவர் குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். வாசனை மேலேவரை வந்தது. "உன்னை மாதிரி ஆளுங்களை நாற்காலியில உட்கார வெச்சதே தப்பு. எறங்குடி."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் கை தானாக உயர்ந்துவிட்டது. கோல் என் தலைக்கு மேலே இருந்தது. கீழே அவருடைய வழுக்கை மண்டை, வியர்த்து, பளபளவென்று, கோலுக்கு எட்டுகிற தூரத்தில். அவர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தார். பேண்டு நின்றுவிட்டது. அவர் பயந்ததைப் பார்த்து எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒன்பது வயதில் கடையில் இருந்த அதே இனிப்பு. கை கொஞ்சமும் நடுங்கவில்லை. எனக்குக் கை வந்தது.

ஐந்தாவது வரிசையைப் பார்த்தேன். அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டவில்லை, வேண்டாம் என்று சைகை காட்டவில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் உடம்பு பழைய பழக்கத்தில் அப்படி உட்கார்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். கோலோடு நான் எதிரில் நின்றால் அவர் அப்படித்தான் உட்காருவார்.

மூன்று வாரமாக நான் முகம் சுளிக்காத ஆள் இல்லை. சென்ட்டுவைப் பார்த்து, முதலாளியைப் பார்த்து, அந்தத் தளபதி உடம்பைப் பார்த்து. அன்றைக்கு அந்த ஏணி உச்சியில் எனக்கு என்னைப் பார்த்து வந்த அருவருப்பு அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

கையை இறக்கினேன். படியில் இறங்கி வந்து கோலை வெல்வெட் பெட்டிக்குள் வைத்து மூடினேன். சென்ட்டு இன்னும் குனிந்தபடியே இருந்தார். நான் மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை. கேட்டால் துப்பிவிடுவேன் என்று பயமாக இருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பீடத்தின் படியில் உட்கார்ந்தேன். பெட்டியை எனக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

சென்ட்டு நிமிர்ந்து, சட்டையை இழுத்துவிட்டு, போலீஸைக் கூப்பிட்டார். வந்தவர் சின்ன வயதுக்காரர். இடுப்பில் அவருடைய சொந்தத் தடி தொங்கியது. முதலாளி பின்னால் ஓடிவந்தான்.

"அக்கா, என்ன அக்கா இது? பெட்டியைக் கொடுத்துட்டு வாங்க. ஒம்பது பேரு பொழைப்பு அக்கா."

"தெரியும் தம்பி. வேற உடம்பு செய்வோம். உட்கார்ந்த உடம்பு. நான் அச்சு எடுத்துத் தரேன். இந்தக் கோல் அவர் கைக்குப் போகாது."

"எந்திரிங்கம்மா," என்றார் போலீஸ்காரர்.

ஒன்பது வயதில் நான் தொண்டை கிழியக் கத்திய வார்த்தை. நான் கத்தி ஒருவர்கூட எழுந்ததில்லை. நானும் எழவில்லை.

"எந்திரிம்மா. மரியாதையாச் சொல்றேன்." அவர் கை இடுப்புக்குப் போனது.

நாற்காலிகளுக்கு நடுவே யாரோ மெதுவாக வந்துகொண்டிருந்தார். விருந்தினர் வரிசையில் ஒருவர் காலை மடக்கி வழி விட்டார். அண்ணன்தான். கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்டே வந்து, போலீஸ்காரரைச் சுற்றிக்கொண்டு, பீடத்துக்கு முன்னால் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தள்ளி உட்காரு பாப்பா," என்றார்.

தள்ளி உட்கார்ந்தேன். அவர் என் இடது பக்கத்தில் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். அவர் தோள் என்மேல் இடித்தது. இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.